பாலைவனச் சவாரி: ஒட்டகமும் ஏடிவியும்

பாலைவனச் சவாரி என்பது வழிகாட்டி ஒருவரின் பொறுப்பில் மணல்மேடுகளின் மேல் சில மணி நேரம் சென்றுவரும் சுற்றுலா. ஒட்டகத்திலோ நாற்சக்கர மோட்டார் வண்டியிலோ, இரண்டிலும் மாறி மாறியோ செல்வது இன்றைய வழக்கம். இந்த வண்டியைப் பல நாடுகளில் குவாட் பைக் என்பார்கள். மலேசியாவில் எல்லார் வாயிலும் அது 'ஏடிவி'தான். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், துபாய், மொராக்கோவின் மெர்சூகா ஆகியவை இந்தச் சவாரிக்குப் பெயர்பெற்ற இடங்கள். நெகிரி செம்பிலானில் பாலைவனம் கிடையாது. ஆயினும் இந்தச் சுற்றுலாவின் ஒரு பாதி அங்கே வந்து சேர்ந்துவிட்டது. பால்மரமும் செம்பனையும் நிற்கும் மண்சடக்குகளில் ஏடிவி ஓடுகிறது. மறு பாதியான ஒட்டகம் ஒரு பறவையின் பெயராக மட்டும் வந்திருக்கிறது.

மழைக் கணக்கில் பார்த்தால் மேற்கு மலேசியாவின் 'வறண்ட' மூலை நெகிரி செம்பிலானில்தான் இருக்கிறது. மலைகள் சூழ்ந்த ஜெலுபு மாவட்டத்துக் குவாலா கிளாவாங் பகுதிக்குத் தீபகற்பத்திலேயே மிகக் குறைந்த மழை கிடைக்கிறது என்று பள்ளிப் புவியியல் பாடமே சொல்லும். அந்தக் 'குறைந்த' மழை ஆண்டுக்கு 1500 மில்லிமீட்டருக்கும் மேல். ஜெய்சல்மேர் ஆண்டு முழுவதும் வாங்கும் மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். மலாய் மொழியில் பாலைவனத்துக்குக் 'குருன்' என்று பெயர். கெடாவில் குருன் என்றே ஓர் ஊர் உண்டு, அதைச் சுற்றி இருப்பதோ பச்சைப் பசேலென்ற நிலம். இந்த வட்டாரத்தில் பாலை போலத் தோன்றும் நிலம் பெரும்பாலும் மனிதர் உண்டாக்கியது. ஈயம் அலசிக் கொட்டிய வெண்மணல் பரப்புகள் ஒரு வகை. சிங்கப்பூருக்கு அக்கரையில் பிந்தான் தீவில் மணல் தோண்டி எடுத்த இடம் இன்று 'பூசோங் பாலைவனம்' என்ற பெயரில் சுற்றுலாத் தலமாகிவிட்டது. மணல் போனபின் மிஞ்சியதைக் காட்டிக் காசு பார்ப்பது ஒரு சாமர்த்தியம்தான்.

மணலும் பாரமும்

காய்ந்த மணல் எதையும் தாங்கிப் பிடிக்காது. மேலே அழுத்தும் எடையைப் பரப்பி இறக்கினால்தான் அது மேலே விடும், இல்லாவிட்டால் விழுங்கும். ஒட்டகமும் ஏடிவியும் இந்த ஒரே சிக்கலுக்குக் கிடைத்த இரண்டு விடைகள்.

ஒட்டகத்துக்குக் குளம்பு இல்லை. ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல்கள், நுனியில் நகங்கள், அடியில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் அகன்ற மெத்தைப் பாதம். கால் ஊன்றும்போது அந்த மெத்தை விரியும், தூக்கும்போது சுருங்கும். ஏடிவியின் சக்கரமும் செய்வது இதையேதான். கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடைப்பார்கள். ஏடிவி டயருக்கு 5 பிஎஸ்ஐ அளவே போதும். கையால் அழுத்தினாலே குழிவிழும் அந்தத் தொளதொளப்பில்தான் அதன் வித்தை இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய குலை ஒவ்வொன்றும் 20 கிலோ அளவுக்கு எடை இருக்கும். மழையில் ஊறிய களிமண்ணில் லாரி உள்ளே வராது. மரங்களுக்கு இடையிலிருந்து குலைகளைச் சடக்கோரம் கொண்டுவந்து சேர்க்க எருமை வண்டி பூட்டினார்கள். எருமையின் அகன்ற குளம்பு சேற்றில் விரிந்து ஊன்றும். பிறகு அந்த வேலைக்கு அகன்ற டயர் போட்ட சிறிய எந்திரம் வந்தது. அதற்குத் தோட்டத் தொழிலில் 'எந்திர எருமை' என்றே பெயர் நின்றுவிட்டது. பாலைவனத்தில் ஒட்டகத்தின் இடத்தில் ஏடிவி நுழைந்ததும் இந்தக் கதையின் மணல் பதிப்புத்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தோட்டத்தில் எருமை போனது வேலைக்காக. பாலைவனத்தில் ஒட்டகத்தை வேலையிலிருந்து விரட்டியது டிராக்டரும் லாரியும், ஏடிவி வந்து பங்கு கேட்டது விளையாட்டில்.

வண்டியின் பிறப்பு

1970இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் யுஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டியை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் தேங்கியதால், பனியிலும் மணலிலும் ஓடக்கூடிய ஒன்றை அமெரிக்க வணிகர்கள் கேட்டதன் விளைவு அது. பலூன் போன்ற டயர்களைத் தவிர அதில் அதிர்வு தாங்க வேறொன்றும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் சுஸுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் வளைவில் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தின. எனவே 1988இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் அவற்றை அங்கே விற்பதை நிறுத்தினார்கள்.

நான்கு சக்கரம் வந்ததால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 200, 300 கிலோ எடையுள்ள இந்த வண்டி பக்கவாட்டுச் சரிவில் எளிதாகக் குப்புறும், ஓட்டுபவர் அடியில் சிக்கிக்கொள்வார். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இப்படி நேர்ந்த சாவுகள் காரணமாக, 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கும் புதிய பண்ணை வண்டிகளில் கவிழ்வுக் காப்புச் சட்டகம் கட்டாயம். 16 வயதுக்குட்பட்டவர்களைப் பெரிய வண்டிகளில் ஏற்றக் கூடாது என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. வாடகைக்கு விடுகிற இடங்களில் அது எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதைப் போய் நின்று பார்த்தால் தெரியும்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில்

சிரம்பான், லாபு, ரந்தாவ், சிலியாவ், லுக்குட், பகாவ் வட்டாரங்களில் காப்பி விளைந்த இடத்தில் கித்தா என்னும் ரப்பர் வந்தது, 1960களிலிருந்து கித்தா போய்ச் செம்பனை வந்தது. பின்னர் நீலாய், சிரம்பான் பக்கத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. விடியுமுன் தொழிலாளர்கள் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடிய சடக்குகளில் இப்போது வார இறுதியில் தலைக்கவசம் மாட்டிய நகரத்து இளைஞர்கள் சேறு தெறிக்க ஓட்டுகிறார்கள். ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்ட மலேசியப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அனுமதிப்பதில்லை. தனியார் நிலம் இதற்குத் தேவைப்படுவதும் தோட்டத்துப் பாதைகள் தோதாக அமைவதும் இதனால்தான்.

மணலில் பழகியவர் இங்கே தடுமாறுவார், இங்கே பழகியவர் மணலில் தடுமாறுவார். நனைந்த செம்மண் சோப்பு போல வழுக்கும், அங்கே வேகம் எதிரி. தழை மூடிய வடிகால், அடுக்கிவைத்த மட்டைகளின் முள், வளைவில் குலை ஏற்றி எதிரே வரும் லாரி ஆகியவைதான் தோட்டத்தின் அபாயங்கள். மணலிலோ வேகம் குறைந்தால் வண்டி புதையும். மணல்மேட்டின் காற்று வீசும் பக்கம் மெல்ல ஏறும். உச்சியைத் தாண்டினால் மறுபக்கம் சுமார் 34 பாகைச் சரிவில் பொசுக்கென்று இறங்கும், காய்ந்த மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது. ஆகையால் மேட்டை நேராக ஏற வேண்டும், உச்சிக்குச் சற்று முன் வேகத்தைத் தணித்து அப்பால் பார்க்க வேண்டும், குறுக்கே சாய்ந்து ஓட்டக் கூடாது. வண்டியின் பின்னால் நீண்ட கம்பியில் ஆடும் கொடி அழகுக்கு அல்ல. மேட்டுக்கு அப்பால் வருபவருக்கு முதலில் தெரிவது அதுதான்.

தார் பாலைவனம்: சாம், குரி

தமிழ்ப் பயணிகள் ஒட்டகச் சவாரிக்குப் பெரும்பாலும் போவது ஜெய்சல்மேருக்குத்தான். 1156இல் ராவல் ஜெய்சல் நிறுவியதாகச் சொல்லப்படும் இந்த நகரம் சிந்து நாட்டுக்குப் போகும் ஒட்டக வணிகப் பாதையில் செழித்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது தளர்ந்தது. 1947 பிரிவினை எஞ்சியிருந்த மேற்கு வழியையும் அடைத்தது. சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படம் 1974இல் வந்தபின் வங்காளிகள் கூட்டம் கூட்டமாக அந்தக் கோட்டையைப் பார்க்க வந்தார்கள். அந்தப் படத்தில் துப்பறிவாளரும் நண்பரும் ஒட்டகத்தில் ஏறிப் படும் பாடு, முதன்முறை ஏறும் எவருக்கும் பொருந்தும்.

நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள் உள்ளன. தென்மேற்கே இருக்கும் குரி கிராமத்தில் கூட்டம் குறைவு. பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை. பிற்பகலில் ஜீப்பில் போய், ஒட்டகம் ஏறி, மேட்டில் சூரியன் மறைவதைப் பார்த்து, இரவு கூடார முகாமில் மாங்கணியார் பாட்டும் கால்பேலியா ஆட்டமும் கேட்டுப் பார்த்துச் சாப்பிட்டுத் தூங்குவது நிலையான நிரல். கால்பேலியா கலை 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சாமில் இப்போது ஜீப்பும் ஏடிவியும் போடும் சத்தத்தில் மாலையின் அமைதி கெட்டுவிட்டது. அமைதி வேண்டுவோர் குரிக்கே போகலாம்.

இந்த மேடுகள் 3162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டியும் அதனுள்ளும் விரிகின்றன. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் பெரும்பாலும் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. நடக்கும் ஒட்டகம் சேவன் புல்லைக் கடித்துவிட்டுப் போகும், மழை கண்டால் அது தழைக்கும். அதே இடத்தில் தினமும் சுழலும் டயர் புல்லின் வேரையே கிளப்பும், முள்வால் பல்லியின் வளையை மூடும்.

ஒட்டகத்தின் நிலையும் நன்றாக இல்லை. 2012 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 4 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2019இல் 2.5 லட்சமாகச் சரிந்தது. இந்திரா காந்திக் கால்வாய் வந்ததும் மேய்ச்சல் நிலம் வயலானது, உழவுக்கு டிராக்டர் வந்தது. ராஜஸ்தான் 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக்கி, 2015இல் அதைக் கொல்வதற்குத் தடையும் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடும் விதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. காப்பாற்ற வந்த சட்டம் ஆண் ஒட்டகத்தின் விலையைப் படுக்கவைத்தது. வழிவழியாக ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்தினர் மந்தையைக் கைவிட அதுவும் ஒரு காரணமானது. இன்று சுற்றுலா வாடகையே பல வீடுகளில் ஒட்டகத்துக்குத் தீனி போடுகிறது.

ஏறும் முறை

ஒட்டகம் முட்டி மடக்கி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஏற வேண்டும். எழும்போது முதலில் பின்கால்களைத் தூக்கும், ஏறியவர் முன்னால் கவிழ்வார். அடுத்த நொடி முன்கால்கள் எழும், பின்னால் சாய்வார். சேணத்தின் முன்குமிழை இறுகப் பிடித்து, முதல் அசைவின்போது உடம்பைப் பின்னுக்கு வைத்துக்கொண்டால் விழமாட்டார். நடக்கையில் ஒரு பக்கத்து இரு கால்களும் ஏறக்குறைய ஒன்றாக நகர்வதால் உடல் பக்கவாட்டில் ஆடும். 'பாலைவனக் கப்பல்' என்ற பள்ளிப்பாட வாசகம் அப்போது வயிற்றுக்கே விளங்கும்.

சுற்றுலாப் பருவமும் ஒட்டகத்தின் இனப்பெருக்கப் பருவமும் ஒரே குளிர்காலத்தில் வந்துவிழுவதைப் பலர் அறிவதில்லை. மதம் கொண்ட ஆண் ஒட்டகம் வாயோரம் இளஞ்சிவப்புப் பை போன்ற அண்ணத்தை ஊதித் தள்ளிக் குடகுடவென ஒலியெழுப்பும், நுரை தள்ளும், கடிக்கவும் செய்யும். அப்படி ஒன்றைக் கண்டால் வேறு ஒட்டகம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெயிலுக்கு ஒட்டகம் அஞ்சாது. நீர் கிடைக்காத நாளில் தன் உடல்வெப்பத்தை 34லிருந்து 41 பாகை செல்சியஸ் வரை ஏறவிட்டு வியர்வையை மிச்சப்படுத்தும். தண்ணீர் கண்டதும் சில நிமிடங்களில் 100 லிட்டர் குடித்துவிடும். ஏறியிருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் தண்ணீர்ப் புட்டியை மறக்கக் கூடாது.

வளைகுடா

துபாயிலிருந்து ஹத்தா போகும் வழியிலுள்ள செம்மணல் மேடு 'பிக் ரெட்', ஏடிவி வாடகைக்குப் பெயர்போனது. துபாய் பாலைவனக் காப்பகம் போன்ற பகுதிகளில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒட்டகப் பந்தயத்தில் சிறுவர்களை ஏற்றுவதை ஐக்கிய அரபு அமீரகம் 2005இல் தடைசெய்தது, அதன்பின் சேணத்தில் சிறிய ரோபோக்கள் சாட்டை வீசுகின்றன. தமிழ்நாட்டில் வளைகுடா வேலையைக் கேலியாக 'ஒட்டகம் மேய்க்கிறான்' என்பது வழக்கு. சிலருக்கு அது கேலியல்ல, உண்மையான வேலை. ஒருவர் கட்டணம் கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஏறும் விலங்கோடு இன்னொருவர் வருடக்கணக்கில் வாழ்கிறார்.

மலேசியர்களுக்கு இங்கே தனியே ஓர் எச்சரிக்கை. 2012இல் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும். 2014 ஏப்ரலில் உம்ரா முடித்துத் திரும்பிய ஜொகூர்க்காரர் ஒருவர் மெர்ஸ் தொற்றால் இறந்தார். அவர் அங்கே ஒட்டகப் பண்ணைக்குப் போய்ப் பால் குடித்திருந்தார். காய்ச்சாத ஒட்டகப் பாலைத் தொடாதிருப்பது, ஒட்டகத்தைத் தொட்டபின் கை கழுவுவது, திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் பயண விவரத்தை மருத்துவரிடம் சொல்வது ஆகியவை சுகாதாரத் துறையினர் சொல்லும் வழி.

பெயரில் வந்த ஒட்டகம்

தமிழருக்கு ஒட்டகம் நேற்று அறிமுகமானதல்ல. தொல்காப்பிய மரபியல் அதன் பெண்ணைப் 'பெட்டை' என்று அழைக்கச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படை, கடலலை கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளுக்குத் தூங்கும் ஒட்டகத்தை உவமை சொல்கிறது. அகநானூற்றின் 245ஆம் பாடலில் ஒட்டகம் வெயிலில் காய்ந்த எலும்பைத் தின்று பசி தீர்க்கும். புல் தின்னும் விலங்கு எலும்பு தின்னுமா என்று படிப்பவர் ஐயுறலாம். தீனியில் தாதுச்சத்து, குறிப்பாகப் பாஸ்பரஸ், குறைந்தால் ஒட்டகம் எலும்பைக் கவ்விச் சப்புவதைக் கால்நடை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பாடியவர் பாலையைக் கேள்வியால் மட்டும் அறிந்தவராகத் தெரியவில்லை.

மலாயில் ஒட்டகம் 'உந்தா', தீக்கோழி 'பூரோங் உந்தா', அதாவது ஒட்டகப் பறவை. பாரசீகமும் அதை அப்படியே அழைக்கிறது, அதன் அறிவியல் பெயரான ஸ்ட்ருதியோ கமெலஸ் என்பதிலும் ஒட்டகம் உட்கார்ந்திருக்கிறது. நீண்ட கழுத்தும், இரண்டே விரல் கொண்ட பாதமும், வறண்ட நிலத்து வாழ்வும் இரண்டுக்கும் பொது. போர்ட்டிக்சன் பக்கத்தில் தீக்கோழிப் பண்ணை ஒன்று இருக்கிறது. தோட்டத்து ஏடிவியிலிருந்து இறங்கிய பிள்ளைகள் அங்கே போய் அந்தப் பாதத்தை எட்ட நின்று பார்க்கலாம். எட்ட நிற்பது முக்கியம், தீக்கோழி முன்பக்கம் உதைக்கும்.