அந்தப் பாடலுக்குள் இல்லாத ஒரு தாய்

"இட் இஸ் வெல் வித் மை சோல்" என்ற ஆங்கிலப் பாடலைக் கிறிஸ்தவ நண்பர்கள் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். அடக்க ஆராதனைகளில் பாடுவார்கள். பாடலின் பின்னணிக் கதையும் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். நான்கு மகள்களைக் கடலில் பறிகொடுத்த ஒரு தகப்பன், அதே இடத்தைக் கப்பலில் கடந்து போனபோது, "என் ஆத்துமா நலமாக இருக்கிறது" என்ற கருத்தில் எழுதிய பாட்டு என்பார்கள். கேட்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் அந்தக் கதையில் ஒருவர் விட்டுப்போகிறார். தகப்பன் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் விபத்து நடந்த இரவில் அமெரிக்காவில், கரையில் இருந்தார். பிள்ளைகளோடு தண்ணீருக்குள் போனவர் தாய். அவர் பெயர் அன்னா. பாட்டு எழுதியவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த இரவைக் கடந்து அதற்குப் பிறகு ஐம்பது வருடம் வாழ்ந்த பெண்ணைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

யார் இந்த அன்னா?

1842-ல் நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து, சிகாகோவில் வளர்ந்தார். ஹொரேஷியோ அங்கே வக்கீல். அன்னாவைவிட 13 வயது மூத்தவர். 1861-ல் திருமணம். ஆனி, மேகி, பெஸ்ஸி, டனெட்டா என்று வரிசையாக நான்கு பெண் குழந்தைகள். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற சுவிசேஷகர் டி.எல்.மூடி இவர்கள் வீட்டுக்கு நெருங்கிய நண்பர்.

1871 அக்டோபரில் சிகாகோ நகரமே பற்றி எரிந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வீடு இழந்தார்கள். ஹொரேஷியோ நிலத்தில் போட்டிருந்த பணத்துக்கும் பெரிய அடி. இரண்டு வருடம் கழித்து, கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று குடும்பத்தோடு ஐரோப்பா போகத் திட்டமிட்டார்கள். கடைசி நேரத்தில் தொழில் சம்பந்தமான ஒரு வேலை வந்துவிட்டது. "நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன்" என்று மனைவியையும் மகள்களையும் அனுப்பி வைத்தார் ஹொரேஷியோ.

12 நிமிடங்கள்

அவர்கள் ஏறிய பிரெஞ்சுக் கப்பலின் பெயர் வில் தூ ஹாவ்ர். 1873 நவம்பர் 22 அதிகாலை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். நடு அட்லாண்டிக்கில் லாக் எர்ன் என்ற பாய்மரக் கப்பலோடு மோதியது. சுமார் 12 நிமிடங்களில் முழுவதும் மூழ்கிவிட்டது. இறந்தவர்கள் 226 பேர்.

மூத்தவள் ஆனிக்கு 11 வயது. மேகிக்கு 9. பெஸ்ஸிக்கு 5. கைக்குழந்தை டனெட்டாவுக்கு 2. நால்வரும் போய்விட்டார்கள். கையில் பிடித்திருந்த கடைசிக் குழந்தையைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டது. நினைவு தப்பி மிதந்த அன்னாவை மட்டும் மீட்டார்கள்.

காப்பாற்றப்பட்டவர்களை இன்னொரு கப்பல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கியது. அங்கிருந்து கணவருக்கு அவர் அடித்த தந்தி, "தப்பியது நான் மட்டும்" என்ற பொருளில் தொடங்கியது. ஒரு தாய் அந்தச் சொற்களைத் தந்தி ஆபீசில் எழுதிக் கொடுத்த நிமிடத்தை யோசித்துப் பாருங்கள்.

அன்னாவின் மகள் பெர்த்தா பிற்காலத்தில் "அவர் ஜெருசலேம்" என்ற புத்தகத்தில் தன் தாயின் வாழ்க்கையை எழுதினார். அதன்படி, மீட்கப்பட்டதும் அன்னாவுக்கு வந்த முதல் உணர்வு நன்றி இல்லை. ஏன் பிழைத்தோம் என்ற விரக்திதான். அந்த நேரத்தில் பழைய பேச்சு ஒன்று நினைவுக்கு வந்ததாம். எல்லாம் நிறைவாக இருக்கும்போது கடவுளிடம் நன்றியாக இருப்பது சுலபம், நல்ல காலத்துக்கு மட்டும் அவருக்கு நண்பராக இருந்துவிடாதே என்று முன்பு ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட நண்பராக இருக்க மாட்டேன், அவரை நம்புவேன், என்றாவது ஒரு நாள் காரணம் புரியும் என்று அன்னா முடிவு செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "புரிந்துவிட்டது" என்று அவர் சொல்லவில்லை. "என்றாவது புரியும்" என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்!

பாட்டு எப்போது எழுதப்பட்டது?

தந்தி கிடைத்ததும் மனைவியை அழைத்து வர ஹொரேஷியோ கப்பல் ஏறினார். விபத்து நடந்த பகுதியைக் கடந்துதான் போனார். அங்கேயே பாட்டை எழுதினார் என்பது பிரபலமான கதை. ஆனால் மூடியோடு ஊழியம் செய்த பாடகர் சாங்கி வேறு மாதிரி எழுதியிருக்கிறார். 1876-ல் தான் ஸ்பாஃபோர்ட் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோதுதான் அந்தப் பாட்டு எழுதப்பட்டது என்கிறார். பி.பி.பிளிஸ் இசையமைக்க, அதே வருடம் அது அச்சில் வந்தது. அந்த ராகத்துக்கு மூழ்கிய கப்பலின் பெயரையே வைத்தார்கள்.

எனக்கு சாங்கி சொல்வதுதான் மனசுக்கு நெருக்கமாக இருக்கிறது. நடுக்கடலில் உணர்ச்சி வேகத்தில் வந்த பாட்டு என்பதைவிட, இரண்டு மூன்று வருடம் காலியான வீட்டில் வாழ்ந்து பார்த்த பிறகு எழுதிய பாட்டு என்றால் அதன் எடை இன்னும் கூடுகிறது. அந்த வீட்டில் அன்னாவும் இருந்தார். பாட்டில் அவர் பெயர் கிடையாது. ஆனால் அந்த நாட்களை அவரும்தான் கணவரோடு வாழ்ந்தார்.

பாவக் கணக்கு

பிரசங்கங்களில் கதை பொதுவாக இங்கே முடிந்துவிடும். உண்மையில் சோதனை இதற்குப் பிறகும் இருந்தது.

1875-ல் ஒரு மகன் பிறந்தான். அப்பா பெயரையே வைத்தார்கள். 1878-ல் பெர்த்தா பிறந்தாள். மறுபடியும் வீட்டில் குழந்தைச் சத்தம். 1880-ல் அந்தச் சின்னப் பையன் ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்துபோனான். 4 வயதுதான். ஐந்தாவது பிள்ளை.

இப்போது அவர்களைச் சுற்றியிருந்த சபையில் ஒரு முணுமுணுப்பு தொடங்கியது. தீயில் சொத்து போனது, கடலில் நான்கு பிள்ளைகள், நோயில் ஒன்று... ஒரே குடும்பத்துக்கு இத்தனை என்றால் என்ன பாவம் செய்தார்களோ? ஆறுதல் சொல்ல வேண்டியவர்களே இப்படிக் கேட்டார்கள்.

நான் பி.காம் படிக்கிறவன். எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது, ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு இருக்க வேண்டும் என்பது. பேரேட்டில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். அந்தச் சபைக்காரர்கள் செய்ததும் அதைத்தான். ஒரு பக்கத்தில் இழப்பு தெரிகிறது, மறு பக்கம் காலியாக இருக்கிறது. உடனே "பாவம்" என்று ஒரு பதிவு போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள்.

வேதாகமம் தெரிந்தவர்களுக்கு இது பழைய கணக்கு. யோபுவின் நண்பர்கள் போட்டதும் இதே கணக்குதான். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு பதில் சொன்னார். யோபு புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பத்துப் பிள்ளைகளை இழந்த அந்தத் தாய் வாய் திறப்பது ஒரே ஒரு வசனத்தில். அதற்கும் கணவனிடம் திட்டு! அதற்கு மேல் அவள் என்ன நினைத்தாள் என்பது புத்தகத்தில் இல்லை.

அன்னாவும் ஹொரேஷியோவும் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. குழந்தைகளின் மரணத்தைத் தண்டனையாக அனுப்புகிற கடவுள் எங்கள் கடவுள் இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். விளைவாக, சபையோடு உறவு முறிந்தது. விசுவாசத்தை விட்டால்தான் சபையை விட்டுப் போவார்கள் என்று நாம் நினைக்கிறோம். இவர்கள் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சபையை விட்டார்கள்.

எருசலேமில்

1881-ல் ஜனவரியில் கிரேஸ் என்ற மகள் பிறந்தாள். அதே வருடம் ஒரு சிறிய நண்பர் குழுவோடு அவர்கள் எருசலேமுக்குப் போனார்கள். பழைய நகரத்துக்குள், டமாஸ்கஸ் வாசலுக்கு அருகே மதிலை ஒட்டி ஒரு வீட்டில் கூட்டாக வாழ்ந்தார்கள். "அமெரிக்கன் காலனி" என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. அடுத்த வருடம் ஏமன் நாட்டிலிருந்து யூதர்கள் கையில் காசில்லாமல் வந்து தெருவில் நின்றபோது, அவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்தார்கள். முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் அக்கம்பக்கத்தில் நோயாளிகளைக் கவனித்தார்கள்.

1888-ல் ஹொரேஷியோ மலேரியாவில் இறந்தார். பாட்டு எழுதியவரின் கதை அங்கே முடிந்தது. அன்னா மேலும் 35 வருடம் வாழ்ந்தார். காலனியின் தலைமை அவர் கைக்கு வந்தது. 1896-ல் சுவீடனின் நோஸ் என்ற ஊரிலிருந்து விவசாயக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. செல்மா லாகர்லெஃப் எழுதிய "ஜெருசலேம்" நாவல் அவர்களை வைத்துத்தான். அவர் 1909-ல் நோபல் பரிசு பெற்றார்.

அன்னாவைப் புனிதராக்கிவிட எனக்கு ஆசை இல்லை. ஹொரேஷியோ சிகாகோவில் கடன்களை விட்டுவிட்டு வந்தவர். அன்னாவின் தலைமையில் காலனிக்குள் பல வருடங்கள் திருமணத்துக்கே தடை இருந்தது. பிரிந்து போனவர்கள் கசப்போடு போனார்கள், அமெரிக்கத் தூதரோடும் சண்டை. 1904-ல் பெர்த்தாவின் திருமணம் நடந்த சமயத்தில்தான் அந்தத் தடை தளர்ந்தது. துக்கம் தாங்கியவர் என்பதால் அவர் செய்தது எல்லாம் சரியாகிவிடாது. சில விஷயங்களில் அவர் பிடிவாதம் மற்றவர்களைக் காயப்படுத்தியது.

ஆனால் முதல் உலகப் போர் வந்தபோது அதே பிடிவாதம் வேறு மாதிரி பயன்பட்டது. 1915-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரை அழித்தது. பஞ்சம், நோய், போர் எல்லாம் ஒன்றாக வந்தன. காலனியினர் ஊரை விட்டு ஓடவில்லை. கஞ்சித் தொட்டி நடத்தினார்கள், காயம்பட்ட வீரர்களைப் பராமரித்தார்கள். 1917 டிசம்பரில் எருசலேம் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தபோது தூக்கிய வெள்ளைக் கொடி, காலனியினரின் மருத்துவமனையிலிருந்து எடுத்த ஒரு படுக்கை விரிப்பு!

1923-ல், 81 வயதில் அன்னா எருசலேமிலேயே இறந்தார்.

பிறகு வந்த குழந்தை

1925 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கீத ஆராதனைக்காக பெத்லகேம் புறப்பட்ட பெர்த்தா, நோயாளி மனைவியோடும் பிறந்த குழந்தையோடும் வந்த ஒரு ஏழை மனிதரை வழியில் சந்தித்தார். அந்தப் பெண்ணை மருத்துவமனையில் சேர்க்க உதவினார். ஆனால் அவள் பிழைக்கவில்லை. மறுநாள் அந்த மனிதர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, நீங்களே வளர்க்க வேண்டும் என்று பெர்த்தாவிடம் கேட்டார். அந்த ஒரு குழந்தையில் தொடங்கிய காப்பகத்துக்கு அம்மாவின் பெயரையே வைத்தார்: அன்னா ஸ்பாஃபோர்ட் குழந்தைகள் இல்லம். மதிலை ஒட்டிய அந்தப் பழைய வீட்டில்தான் அது நடந்தது. பின்னாளில் ஸ்பாஃபோர்ட் சிறுவர் மையமாக வளர்ந்தது.

"பார்த்தீர்களா, நான்கு பிள்ளைகள் போனது இதற்காகத்தான்" என்று இங்கே சொல்லிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அதுவும் இன்னொரு பேரேட்டுக் கணக்குதான். ஆயிரம் குழந்தைகள் பிழைத்தாலும் ஆனி, மேகி, பெஸ்ஸி, டனெட்டா, அந்தச் சின்னப் பையன் ஐவருக்கும் அது ஈடாகாது. பெற்ற தாயிடம் அந்தக் கணக்கைக் காட்ட முடியுமா?

அன்னாவின் விசுவாசத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். கணக்கு நேராகவே இல்லை, அது தெரிந்தும் அவர் கடவுளை விடவில்லை. அந்த "என்றாவது புரியும்" என்ற நாள் அவர் உயிரோடு இருக்கும்போது வந்ததா என்பது அவருக்கும் கர்த்தருக்கும் இடையில். அது வருவதற்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்காராமல், பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றினார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அடுத்த முறை அந்தப் பாட்டைக் கேட்கும்போது, எழுதியவரோடு சேர்த்து இந்த அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போக நேர்ந்தால், காரணம் சொல்லப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், சாப்பிட ஏதாவது செய்து கொடுங்கள். போதும்.