தன்பாற் காதற் புனைகதையில் பால்நிலையும் அதிகாரமும்

ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாத காதலில் அதிகார ஏற்றத்தாழ்வும் இராது எனக் கருதுவோர் உளர். ஈழத்துத் தமிழரான ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவல்கள் இக்கருத்தை மறுக்கின்றன.

‘ஃபனி போய்’ (1994) நாவலில், மணப்பெண்ணாக வேடமிட்டு விளையாடிய தமிழ்ச் சிறுவன் ஆர்ஜியை ‘ஆணாக்கும்’ பொருட்டுத் தந்தை கண்டிப்பான பாடசாலையொன்றில் சேர்க்கிறார். அங்கேயே அவன் சிங்கள மாணவன் ஷெஹானை விரும்புகிறான். 1983ஆம் ஆண்டு இன வன்செயல் இருவரையும் பிரிக்கிறது.

‘சினமன் கார்டன்ஸ்’ (1998) 1920களின் கொழும்பு மேட்டுக்குடியைச் சித்திரிப்பது. முதலியாரின் மகன் பாலேந்திரன், தந்தையின் ஆணைக்குப் பணிந்து ஆங்கிலேயக் காதலனைத் துறந்து மணம்புரிகிறான். ஆயினும் வறிய இளைஞனொருவனைப் பணங்கொடுத்து நாடுகிறான். தந்தைமுன் அடங்கியவன் இவ்விளைஞன்முன் வசதி படைத்தவனாகிறான்.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை ஆடவரிடைத் தொடர்பைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதனுள் அடக்கியது. மறைவில் வாழ நேர்ந்த இக்காதலில் பணமும் குலமும் கொண்டோர்க்கே ஓரளவு காப்பு இருந்தது.

இந்நோக்கு மலையகத்துக்கும் பொருந்தும். பெரகலைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் துரை, கங்காணி, தொழிலாளி என்ற படிநிலை குடியேற்ற ஆட்சிக்காலத்திலேயே வேரூன்றியது. லயத்து வாழ்வினின்று இத்தகைய காதற்கதை எழுமாயின், மறுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்ற வினாவை அது தவிர்த்தல் இயலாது.