கணக்கும் கையும்

விஜய் ஐயர் என்ற பெயர் காதில் விழுந்ததும் நம்மூர்ச் சங்கீத ரசிகர் சொல்வது ஒன்றுதான்: நம்ம பையன், அமெரிக்காவில் ஜாஸ் பியானோ வாசிக்கிறான், கணக்கில் புலி. அமெரிக்கப் பத்திரிகை விமர்சகர்கள் இதையே கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் பல வருஷங்களாக எழுதி வந்திருக்கிறார்கள். மூளையின் சங்கீதம், கணிதத்தின் சங்கீதம், இந்தியப் பாரம்பரியத்தின் தாளநுட்பம். இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். அறிந்தால் உடனே கைகுலுக்கிக்கொள்வார்கள். இருவருமே வாசிப்பைக் கேட்பதற்கு முன்னால் பெயரைப் படித்துவிடுகிறார்கள். இப்படி எழுதப்படுவதைப் பற்றி அவரே பலமுறை கசப்புடன் பேசியிருக்கிறார். கறுப்பு இசைஞன் வாசித்தால் ரத்தத்திலிருந்து வருகிறது, இந்தியன் வாசித்தால் மூளையிலிருந்து வருகிறது என்ற இந்தப் பங்கீட்டில் இரண்டு பேருக்கும் அவமரியாதை இருக்கிறது.

விவரங்களைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 1971 அக்டோபரில் நியூயார்க் மாகாணத்தின் ஆல்பனி நகரத்தில் பிறந்தவர்; பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள். ராச்செஸ்டரை ஒட்டிய ஃபேர்போர்ட்டில் வளர்ந்தார். மூன்று வயதிலிருந்து பதினைந்து வருஷம் மேற்கத்திய வயலின், சுஸுகி முறையில். பியானோவைப் பெரும்பாலும் காதால், தானாகவே பிடித்துக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும். 1992-ல் பட்டம். பௌதிகத்தில் முனைவர் பட்டத்துக்காக கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனவர், அங்கே பகலில் பௌதிகமும் இரவில் ஓக்லண்ட் நகரத்துக் கறுப்பின வாத்தியக்காரர்களோடு வாசிப்புமாக இருந்து, கடைசியில் பௌதிகத்தை விட்டார். 1995-ல் முதல் இசைத்தட்டு, 'மெமரோஃபிலியா'. 1998-ல் அதே பெர்க்லியில் இசையறிதல் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். 2013-ல் மெக்கார்தர் நிதிநல்கை, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள். நம்மூரில் ஒரு மனிதரைப் பற்றி எழுத இவ்வளவு போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு இங்கேதான் ஆரம்பம்.

அவருடைய பெற்றோர் அமெரிக்கா போக முடிந்தது எதனால்? 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முன்னால் ஆசியர்களுக்கு அந்நாட்டின் கதவு ஏறக்குறையச் சாத்தியே இருந்தது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்த கறுப்பர்களின் போராட்டம் இல்லாமல் இந்த 1965 சட்டம் வந்திருக்காது. நிறத்தால் மனிதனைத் தரம் பிரிப்பது வெட்கக்கேடு என்ற எண்ணத்தைத் தெருவில் இறங்கி அடிபட்டு அந்நாட்டின் மேல் சுமத்தியவர்கள் அவர்கள். காவிரிக்கரை அக்ரஹாரங்களிலிருந்து ஏற்கனவே பம்பாய்க்கும் தில்லிக்கும் போய்க்கொண்டிருந்த படித்த கூட்டத்தில் ஒரு பகுதி அந்தக் கதவு வழியாக அமெரிக்கா போயிற்று. கதவைத் திறந்தது யார் என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்? திண்ணை காலியான வீடுகள் இங்கே நிறைய. அவற்றில் வருஷத்துக்கு ஒரு முறை வந்து தங்குகிறவர்களிடம் கறுப்பர்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள்.

அதே 1965-ல், மே மாதம், சிகாகோவில் கறுப்பின இசைஞர்கள் சிலர் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கிளப் முதலாளிகளையும் இசைத்தட்டுக் கம்பெனிகளையும் நம்பாமல், சொந்த இசையைத் தாமே எழுதி, தாமே மேடையேற்றுவது நோக்கம். ஏ.ஏ.சி.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நம்முடைய சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த மனோபாவம் புரியும். சந்தா சேராது, அடுத்த இதழ் வருமா என்று தெரியாது, ஆனால் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். அந்தச் சங்கத்தில் வளர்ந்த டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் விஜய் ஐயருக்கு ஆசானாக அமைந்தார். டிரம்பெட் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தின் குழுவில் இவர் வருஷக்கணக்கில் வாசித்தார். அதற்கு முன்பே சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் இவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக அழைத்துப் போயிருந்தார். குருகுலம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இவருக்குக் கறுப்பர்களிடம் கிடைத்தது. இதை அவர் எந்த மேடையிலும் மறைத்ததில்லை.

இனி அந்த ஆய்வேடு. மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசைகளைப் பற்றியது. லெர்டால், ஜாக்கெண்டாஃப் என்ற இரண்டு பேர் 1983-ல் வெளியிட்ட நூலையொட்டி, இசையை மொழியியல் மாதிரி இலக்கணமாகப் பகுத்துப் பார்க்கும் ஒரு போக்கு அன்று செல்வாக்கோடு இருந்தது. தாளில் எழுதப்பட்ட ஐரோப்பிய சங்கீதத்துக்கு அது பொருந்தும். காலால், இடுப்பால், மூச்சால் நடக்கிற சங்கீதத்தை அது தொடாது. விஜய் ஐயர் அங்கிருந்து புறப்படுகிறார். தாளம் மனத்தில் எண்ணப்படுகிற விஷயமாக இருப்பதற்கு முன்னால் உடம்பில் நடக்கிற விஷயம். நடை, மூச்சு, பேச்சு, விரலின் அசைவு, இவற்றின் வேகங்களிலிருந்து அது பிறக்கிறது என்பது அவர் வாதம். டிரம் வாசிப்பவர் ஓர் அடியை இம்மி தாமதித்துப் போடுகிறார். விநாடியில் நூற்றில் சில பங்கு. கடிகாரப்படி அது பிழை. கேட்பவனுக்கோ அங்கேதான் உயிர். இந்த இம்மிகளை அவர் அளந்து காட்டினார். தெலோனியஸ் மங்க்கின் தனி வாசிப்பையும் அஹ்மத் ஜமாலின் பியானோவையும் எடுத்துக்கொண்டு, எங்கே விரல் பிந்துகிறது, எங்கே முந்துகிறது, அது ஏன் தடுமாற்றம் இல்லை என்று எழுதினார்.

நமக்கு இது புதுசா? தாளம் வேறு, லயம் வேறு என்று சொல்லத் தெரிந்த மொழி நம்முடையது. காலப்பிரமாணம் என்ற சொல்லும் வைத்திருக்கிறோம். நான் வேலை செய்கிற கிளையில் நோட்டு எண்ணும் இயந்திரம் இருக்கிறது. பிசகாத தாளம்; லயம் கிடையாது. தாராசுரத்தில் இன்னும் மிச்சமிருக்கிற பட்டுக் குழித்தறிகளின் பக்கம் போய் நின்றால் வேறு விஷயம் கேட்கும். கால் மிதியை அழுத்துகிறது, நாடா ஓடுகிறது, பலகை வந்து மோதுகிறது. மூன்றும் ஒரே இடைவெளியில் விழுவதில்லை. நெய்கிறவரின் வயசும் முதுகுவலியும் அதில் இருக்கின்றன. நம் வித்வான்கள் இதை அறிவார்கள், ஆனால் எழுதவில்லை. நம் எழுத்தாளர்கள் சங்கீதத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள், ஆனால் ஆத்மாவைப் பற்றி எழுதினார்கள். இந்தக் கும்பகோணத்து மண்ணிலிருந்து வந்த 'மோகமுள்' ஒரு விதிவிலக்கு. குரல் என்பது உழைத்துப் பழக்க வேண்டிய உடம்புச் சமாசாரம் என்ற பிரக்ஞை ஜானகிராமனுக்கு இருந்தது. மற்றவர்கள் எழுத்தில் கேட்பவன் கண்ணை மூடிக்கொள்கிறான், கண்ணீர் வருகிறது, அத்துடன் சரி.

ஆய்வேடு எழுதினவரின் வாசிப்பு ஆய்வேடு மாதிரி இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு 2009-ல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' பதில். பியானோ, ஸ்டீஃபன் கிரம்ப்பின் பேஸ், மார்கஸ் கில்மோரின் டிரம்ஸ். அதில் 'மிஸ்டிக் ப்ரூ' என்று ஒன்று. ரானி ஃபாஸ்டர் 1972-ல் ஆர்கனில் வாசித்தது. 1993-ல் ஒரு ஹிப்ஹாப் குழு அதில் ஒரு துண்டை வெட்டி, சுழலவிட்டு, தன் பாட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டது. தயாரிப்பாளர் என்ற புதுவகைக் கலைஞன், வாத்தியத்தைத் தொடாமல் பழைய இசைத்தட்டைக் கத்தரித்தே சங்கீதம் செய்கிறவன், அப்படி உருவானான். விஜய் ஐயரின் தலைமுறை அந்தச் சுழலைக் கேட்டு வளர்ந்தது. இவர் அதைத் திரும்ப மூன்று மனிதர்களின் கைக்குக் கொண்டுவருகிறார். இயந்திரம் மாதிரி சுழல வேண்டும், ஆனால் மனிதக் கை. தாளக்கூறுகளை ஃபிபொனாச்சி வரிசையின் அடுத்தடுத்த எண்களின் விகிதத்துக்கு இழுக்கிறார். அதை விளக்கி அந்த வருஷமே லண்டன் கார்டியனில் ஒரு கட்டுரையும் எழுதினார். கணக்குப் புலி என்பவர்கள் துள்ளிக் குதிக்க இது ஒன்று போதும். இந்த எண்வரிசையை, குறிலும் நெடிலும் சேர்ந்து எத்தனை விதமாகச் சந்தம் அமையும் என்று கணக்கிட்ட நம் யாப்பு இலக்கணக்காரர்கள், விரஹாங்கரும் ஹேமசந்திரரும், ஃபிபொனாச்சிக்கு முன்பே சொல்லிவிட்டார்கள் என்று பெருமையடிக்கவும் இடமிருக்கிறது. சொல்லிவிட்டார்கள்தான். ஆனால் கேட்கும்போது எண் எதுவும் தெரிவதில்லை. லேசாக நொண்டி நடக்கிற, ஆனால் விழாத ஒரு நடை தெரிகிறது.

அதே தட்டில் 'கலாங்'. லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005-ல் வெளியிட்ட 'அருளர்' தொகுதியில் உள்ள பாட்டு. அருளர் என்பது ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர் தகப்பனாரின் புனைபெயர். நியூயார்க்கில் பிறந்த தமிழ் வீட்டுப் பிள்ளை, லண்டன் அகதிப் பெண்ணின் தெருப்பாட்டை எடுத்து, சொற்களை உதறி, பியானோவை டிரம் மாதிரி அடித்து வாசிக்கிறார். இதற்கு நடுவில் தமிழ்நாடு என்ற ஊர் எங்கேயும் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். அக்டோபரில் தட்டு வெளிவந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் முடிச்சுப்போட எனக்கு அதிகாரமில்லை, இசைஞர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தச் சிறிய, மூர்க்கமான வாசிப்பை நான் வேறு காதால் கேட்க முடிவதில்லை.

அரசியலைச் சொல்லில் வைத்துப் பேசியதும் உண்டு. ஈரானிய சினிமாக்காரர் ஜாஃபர் பனாஹி 2001-ல் ஹாங்காங்கிலிருந்து தென்னமெரிக்கா போகிற வழியில் நியூயார்க் விமான நிலையத்தில் கைரேகை தர மறுத்ததற்காகச் சங்கிலியில் கட்டி உட்காரவைக்கப்பட்டார். கைவிலங்கோடு திருப்பியனுப்பப்பட்டார். தான் திருடனில்லை என்பதைச் சக பயணிகளுக்கு எந்த மொழியில் சொல்வது என்ற அவருடைய தவிப்பே 'இன் வாட் லாங்க்வேஜ்?' என்ற தலைப்பு. கவிஞரும் ஹிப்ஹாப் கலைஞருமான மைக் லாடுடன் சேர்ந்து 2003-ல் செய்தது. விமான நிலையத்தில் பழுப்பு நிறத்தோடு நிற்கிற மனிதர்களின் குரல்கள். பின்னர் இதே ஜோடி, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய வீரர்களின் கனவுகளை வைத்து 2013-ல் இன்னொன்று செய்தது. நடுவே செய்த 'ஸ்டில் லைஃப் வித் காமென்டேட்டர்' எனக்கு ஒட்டவில்லை. தொலைக்காட்சி இரைச்சலைப் பரிகசிக்கப் போய் தானும் இரைகிறது.

2011-ல் வந்த 'தீர்த்தா'வை நம்மவர்கள் முதலில் கேட்பார்கள். கிடார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா. இந்திய சுதந்திரத்தின் அறுபதாவது வருஷத்தையொட்டிய ஒரு கச்சேரிக்காக 2007-ல் கூடிய மூவர். இதில் பிரசன்னாவுக்குக் கர்நாடக சங்கீதம் கைவந்த கலை. கம்பியை இழுத்தால் கமகம் பேசும். பியானோவில்? எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயில் பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இப்போது கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். கல்லில் ஸ்வரம் வரும், கமகம் வராது. பியானோவும் அந்த ஜாதி. இதே காரணத்துக்காக 1940-லிருந்து முப்பது வருஷம் ஹார்மோனியத்தை வானொலியில் நுழையவிடாமல் வைத்திருந்த தேசம் இது. விஜய் ஐயர் பியானோவில் போலிக் கமகம் செய்வதில்லை. பிரசன்னாவின் கிடார் வளைகிற இடத்தில் இவர் விலகி, இரண்டு ஸ்வரங்களை மட்டும் தள்ளித்தள்ளி வைக்கிறார். 'ஃப்யூஷன்' என்ற பெயரில் வருகிற வியாபாரச் சரக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த விலகலில் இருக்கிறது.

பெயருக்கு வருகிறேன். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்ட நாடு நம்முடையது. இங்கே அந்தப் பின்னொட்டு ஒரு தெருவையும், அந்தத் தெருவுக்குள் வர முடியாதவர்களையும் சேர்த்துச் சொல்லும். அமெரிக்காவில் அது வெறும் குடும்பப் பெயர். வெள்ளைக்காரன் உச்சரிக்கத் திணறுகிற நான்கெழுத்து. அவரை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அபத்தம். பார்க்க வேண்டியது வேறு. 2014-ல் யேலில், ஆசிய-அமெரிக்கப் பழைய மாணவர்கள் கூட்டத்தில் பேசும்போது, வெற்றி பெற்ற ஆசியர்களைப் பாராட்ட வந்த சபையைப் பார்த்து, இந்த வெற்றியில் அமெரிக்காவின் அட்டூழியங்களுக்கு நாம் உடந்தையாகிறோமே என்று கேட்டார். தன்னையும் சேர்த்துத்தான். கறுப்பர்கள் உண்டாக்கிய கலையில் பெயர் வாங்கிய கறுப்பனல்லாதவன் என்ற தன் நிலையை அவர் அப்படிப் பார்த்தார்.

இந்தக் கேள்வியை அவர் அங்கே கேட்டார். இங்கே கேட்டது யார்? தஞ்சாவூரில் செபாஸ்டியன் பரம்பரையினர் தோலைப் பதப்படுத்தி, வார்பிடித்து, மிருதங்கம் செய்து கொடுத்தார்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்தின் கை இருந்தது. கச்சேரி விமர்சனம் எழுதிய எவர் எழுத்திலும் அந்தக் கை வந்ததில்லை. 2020-ல் டி.எம். கிருஷ்ணா புத்தகம் எழுதிய பிறகே அந்தத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் பெயர்கள் வாசகர்களுக்குத் தெரிந்தன. புத்தக வெளியீட்டுக்கு முதலில் இடம் கொடுத்த கலாக்ஷேத்ரா பிறகு மறுத்தது. லயம் உடம்பில் இருக்கிறது என்றால் எந்தெந்த உடம்புகளில் என்று கேட்டாக வேண்டும்.

2021-ல் லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரே இருவருடனும் வந்த 'அனீஸி'யில் 'காம்பாட் ப்ரீதிங்' என்று ஒன்று இருக்கிறது. தலைப்பு ஃபனானிடமிருந்து. கறுப்பர் உயிர் பற்றிய கிளர்ச்சி அமெரிக்காவில் மூண்ட 2014-ல் எழுதப்பட்டது. மூச்சைப் பற்றிய ஆராய்ச்சி மூச்சுத் திணறடிக்கப்பட்டவர்களிடம் வந்து சேர்ந்த இடம் என்று இதைக் கொள்கிறேன்.

ஹார்வர்டில் அவரிடம் பயின்றவர்களில் ராஜ்னா சுவாமிநாதன் ஒருவர். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமனிடம் கற்றது. உமையாள்புரம் இங்கிருந்து அதிகத் தூரமில்லை. அவருடைய 'ஆஃப் ஏஜென்சி அண்ட் அப்ஸ்ட்ராக்ஷன்' 2019-ல் வந்தது. சாக்ஸஃபோனும் பேஸும் போகிற இடத்தில் மிருதங்கம் பக்கவாத்தியமாக உட்காராமல் தானே வழி சொல்கிறது. இங்கே சபாக்களில் பெண் மிருதங்கம் வாசிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் பாட மறுத்த ஆண் வித்வான்கள் உண்டு. இந்தத் தட்டை இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். அடுத்த இதழுக்குள் இன்னும் சில முறை கேட்க வேண்டும்.