கண் வீங்கி வெளியே தள்ளுதா? எல்லாமே 'மெட்ராஸ் ஐ' இல்லை... கண்குழி அழற்சியும் ஸ்டீராய்டு சிக்கலும்!

காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் ஒரு கண் மட்டும் சிவந்து, இமை வீங்கியிருக்கிறது. "மெட்ராஸ் ஐயா இருக்கும்" என்று பக்கத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போடுவதுதான் நம்ம ஊர் வழக்கம். பல நேரம் அது மெட்ராஸ் ஐதான். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் கண்ணை அசைத்தாலே வலிக்கிறது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது, கண் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்றால் பிரச்சினை கண்ணில் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

கண் ஏன் வெளியே தள்ளுது?

கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி. அதில் கண்விழி எடுத்துக்கொள்வது 7 மில்லி அளவுதான். மீதி இடத்தில் கண்ணை அசைக்கும் தசைகள், கண்ணீர்ச் சுரப்பி, கொழுப்பு, பார்வை நரம்பு எல்லாம் நெருக்கியடித்து இருக்கின்றன. சுற்றிலும் எலும்பு. உள்ளே ஏதாவது வீங்கினால் போக ஒரே வழி முன்பக்கம்தான். பின்பக்கம் நெருக்கடி அதிகமாகி பார்வை நரம்பு நசுங்கினால் பார்வையே போகலாம்.

பெரியவர்களிடம் இதற்கு முதல் காரணம் தைராய்டு. உடலின் எதிர்ப்பு சக்தியே கண் தசைகளையும் கொழுப்பையும் தாக்குகிறது. மேல் இமை ஏறிக்கொண்டு, முறைத்துப் பார்ப்பது போல முகம் மாறும். ரத்தத்தில் தைராய்டு அளவு நார்மலாக இருப்பவர்களுக்கும் வரலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது மோசமாகும், சிகிச்சையும் சரியாக எடுபடாது.

இன்னொன்று, காரணமே பிடிபடாத அழற்சி. 'போலிக்கட்டி' என்ற பொருளில் பழைய பெயர் ஒன்று உண்டு. ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரியும், ஆனால் கட்டி கிடையாது. ஓரிரு நாளில் திடீரென வலியோடு வருவது இதன் சுபாவம்.

மூன்றாவது, தொற்று. சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. சளி, சைனஸ் தொல்லைக்குப் பிறகு குழந்தைக்கு காய்ச்சலோடு கண் வீங்கினால் அவசர சிகிச்சைதான். அட்மிட் செய்து ஊசி வழியாக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

ஸ்டீராய்டு போட்டா ரெண்டே நாள்ல சரி... அங்கதான் சிக்கல்!

காரணம் தெரியாத அழற்சிக்கு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. மாத்திரை ஆரம்பித்து 48 மணி நேரத்தில் வலியும் வீக்கமும் குறைவது சகஜம். "அப்போ நோய் இதுதான்" என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் லிம்போமா என்ற புற்றுநோய்கூட ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச நாள் சுருங்கும். பிறகு சதை எடுத்துப் பரிசோதித்தாலும் ரிசல்ட் குழப்பலாம்.

தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் இன்னும் ஆபத்து. 2021-ல் கொரோனாவோடு சேர்ந்து பரவிய கருப்பு பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் அதற்கு வழிவிட்ட முக்கிய காரணங்கள். அதனால் சர்க்கரை நோயாளிக்கு கண் வீங்கினால் பூஞ்சை இல்லை என்று உறுதி செய்யாமல் ஸ்டீராய்டைத் தொடக்கூடாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள் என அடிப்படை ரத்தப் பரிசோதனைகள் முதலில். தேவைப்பட்டால் காசநோய்க்கும் பார்ப்பார்கள். ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் தொடர்பான நோயையும் தேடுவார்கள். முன்பு 'காரணம் தெரியாது' என்று எழுதப்பட்ட கேஸ்களில் ஒரு பகுதி இதுதான் என்பது கடந்த 20 ஆண்டுகளில் தெரியவந்தது.

சி.டி. ஸ்கேன் எலும்பையும் சைனஸையும் நன்றாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. தசை, நரம்புக்கு நல்லது. தைராய்டு நோயில் பெரும்பாலும் தசையின் நடுப்பகுதிதான் தடிக்கும், கண்ணோடு ஒட்டும் தசைநார் அப்படியே இருக்கும். மற்ற அழற்சியில் தசைநாரும் சேர்ந்து தடிப்பது உண்டு.

கண்ணீர்ச் சுரப்பி வீங்கியிருந்தால் பயாப்ஸி எடுப்பது சுலபம், எடுத்துவிடுவதே நல்லது. குழியின் ஆழத்தில் இருந்தால் ரிஸ்க் அதிகம். அப்போது ஸ்கேனை நம்பி ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். திரும்ப வீங்கினால் பயாப்ஸி.

மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க

பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் பிரெட்னிசலோன் ஆரம்பித்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குறைப்பார்கள். வலி போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் வீக்கம் திரும்பும். நீண்ட நாள் எடுத்தவர் திடீரென விட்டால் உடம்பே படுத்துவிடும். சர்க்கரை, கண் அழுத்தம் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் மெத்தோட்ரெக்சேட், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் உண்டு.

எப்போது ஓட வேண்டும்? வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை: சிவப்பு பாட்டில் மூடியை ஒவ்வொரு கண்ணையும் மூடி மாறி மாறிப் பாருங்கள். வீங்கிய கண்ணுக்கு சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு அழுத்தப்படுகிறதோ என்ற சந்தேகம் வரும். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். சிவப்பு சரியாகத் தெரிந்தாலும் கண் தள்ளியிருந்தால், அசைத்தால் வலித்தால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.