காஜா எடுக்கும் பருவம்

அப்பா டெயிலர். வேலை பழக வரும் பையனை ஆறு மாதம் மிஷினில் உட்கார விடமாட்டார். காஜா எடுக்கணும், பட்டன் தைக்கணும், அவ்வளவுதான். இணையப் பக்கம் எழுதும் என் தொழிலில் அந்தக் காஜாவுக்குப் பெயர் 'டூடூ' செயலி. வேலையைத் தட்டினால் பட்டியலில் சேரும்; முடிந்தால் டிக் அடிக்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம்.

நான் பழகியபோது இந்த வழக்கம் வரவில்லை. 2008இல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஜேகுவெரி படித்தேன். ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு மாதிரியும் பயர்பாக்ஸில் வேறு மாதிரியும் முறுக்கிக்கொண்ட ஜாவாஸ்கிரிப்டை அது வழிக்குக் கொண்டுவந்தது. மடங்கி விரியும் மெனு, தானாக நகரும் படம்: எங்கள் பயிற்சியெல்லாம் இவைதான். பார்க்க ஜோர்.

2010 அக்டோபரில் ஜெரமி அஷ்கெனாஸின் பேக்போன் லைப்ரரி வந்தது. அதற்கு உதாரணமாக ஜெரோம் கிராவல்-நிக்கே எழுதிய டூடூ பட்டியலைப் பார்த்துத்தான் பலர் படித்தார்கள். தகவல் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம். தகவல் மாறினால் திரை மாறும். அடுத்த சில வருடங்களில் லைப்ரரிகள் ஈசலாகக் கிளம்பின. எதைப் படிப்பது? ஆடி ஒஸ்மானி தொடங்கிய டூடூஎம்விசி திட்டம் அதே பட்டியலை ஒவ்வொரு லைப்ரரியிலும் எழுதிக் காட்டியது. ஒரே துணியைப் பத்து டெயிலரிடம் கொடுத்துத் தையலைப் பார்ப்பது மாதிரி.

2013 மே மாதம் பேஸ்புக் தன் ரியாக்ட் லைப்ரரியை வெளியே விட்டபோது, ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் மாதிரி ஏதோ கிடப்பதைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். நானும்தான்.

மறு வருடம் அதைக் கற்க, அப்பா கடையின் டெலிவரிப் பட்டியலை எழுதினேன். ஏற்கெனவே ஜேகுவெரியில் எழுதி அசிங்கப்பட்டதுதான். அதில் சட்டையை நீக்கும் இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்க மறந்துவிட்டேன்; இரண்டு சட்டை தொங்க, திரை 'பாக்கி 3' என்றது. ரியாக்டில் எண்ணிக்கையை நான் தொடவே இல்லை. பட்டியலை மட்டும் மாற்றினேன். அதிலிருந்து எண்ணி அதுவே திரையில் போட்டுக்கொண்டது. அந்த ராத்திரிதான் விஷயம் பிடிபட்டது.

காலையில் பெருமையாகக் காட்டினேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல அளவை எங்கடா எழுதறது?"

கேட்டுவிட்டு நோட்டை எடுத்து விரித்துக்கொண்டார்.