மையம் சுற்றிய திருப்பம்: அமெரிக்க நகராட்சிப் போக்குவரத்து விதிகளில் வேகமும் பாதசாரியும்

ஆய்வுச் சுருக்கம்

வேக வரம்பு, திரும்பல் கட்டுப்பாடு, விளக்குச் சைகை ஆகிய மூன்றும் நகரச் சாலைகளை ஆளும் அடிப்படை விதிகளாகும். இவற்றுள் திரும்பல் விதி வரலாற்று ஆய்வுகளில் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் நிலவிய திரும்பல் விதி, உண்மையில் சந்திப்புகளில் வேகத்தைக் குறைக்கும் விதியாகவே செயல்பட்டது என்பதையும், விளக்குச் சைகையின் வருகைக்குப் பின் அப்பணி மறக்கப்பட்டதால் பாதசாரி இழந்த பாதுகாப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அவ்விதி இடம்பெற்று மறைந்த வரலாறும் ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நகராட்சி விதிகள், நாற்சந்தி, வேக வரம்பு, திரும்பல் விதி, போக்குவரத்து விளக்கு, பாதசாரி

முன்னுரை

சாலை விதி ஒவ்வொன்றும் 'யார் காத்திருக்க வேண்டும்' என்னும் கேள்விக்கு ஒரு விடையைத் தருகிறது. எவ்வளவு விரைவாகச் செல்லலாம், எங்கே எப்படித் திரும்பலாம், எப்போது நிற்க வேண்டும் என்பன பொறியியல் சார்ந்த வினாக்களாகத் தோன்றினாலும், சாலையைப் பகிர்ந்துகொள்வோரிடையே நேரத்தையும் இடரையும் பங்கிடுபவை அவையே. அமெரிக்க நகரச் சாலை எவ்வாறு மோட்டார் வாகனத்திற்குரிய இடமாக மாற்றி வரையறுக்கப்பட்டது என்பதைப் பீட்டர் நார்ட்டன் 2008இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அம்மாற்றத்தின் ஒரு கூறான திரும்பல் விதியை மட்டும் தனித்தெடுத்து நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. எனவே எதிர்வரும் வாகனங்களைக் கடந்து திரும்ப வேண்டிய கடினமான திருப்பம் அங்கே இடப்புறத் திருப்பமாகும். இடப்புறம் செல்லும் நம் வழக்கில் அதற்கு இணையானது வலப்புறத் திருப்பம். கட்டுரை முழுவதற்கும் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

எட்டு மைலும் நான்கு மைலும்

1899ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் நேர்சாலையில் மணிக்கு 8 மைல், முனையில் திரும்பும்போது 4 மைல் என வேகம் வரையறுக்கப்பட்டிருந்தது. 4 மைல் என்பது ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர். விரைந்து நடக்கும் மனிதரின் வேகத்தை ஒட்டியது. அதாவது, திரும்பும் இடத்தில் வண்டி நடப்பவரின் வேகத்திற்கு இறங்கி வர வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள். சாலையைக் கடப்பவரும் வண்டியும் ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடும் இடம் முனையே என்பதை அன்றைய விதி தெளிவாக உணர்ந்திருந்தது.

அவ்வாண்டு மே மாதம் லெக்சிங்டன் அவென்யூவில் மணிக்கு 12 மைல் வேகத்தில் மின்வண்டி ஓட்டிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரை மிதிவண்டியில் சென்ற காவலர் கைது செய்தார். செப்டம்பர் மாதத்தில் சென்ட்ரல் பார்க்கின் மேற்குப் பகுதியில் டிராம் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் மின்வாடகைக் கார் மோதி உயிரிழந்தார். அமெரிக்காவில் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த முதல் பாதசாரி மரணமாக இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. 1901இல் கனெக்டிகட் மாநிலம் நகரங்களில் 12 மைல், ஊர்ப்புறங்களில் 15 மைல் என மோட்டார் வாகனங்களுக்குச் சட்டவழி வரம்பு விதித்தது.

எண்ணால் சுட்டப்பட்ட வேக வரம்பிற்கு ஓர் இயல்பான குறைபாடு உண்டு. அதை அளந்து மெய்ப்பிக்க வேண்டும். வேகமானி பரவலாகாத காலத்தில் ஓட்டுநர் தம் வேகத்தைத் துல்லியமாக அறிந்திலர். காவலரும் பின்தொடர்ந்து சென்றோ நேரத்தைக் கணித்தோதான் கூற முடிந்தது. அளவின்றியே எவரும் கண்ணால் கண்டறியக்கூடிய விதி ஒன்று தேவைப்பட்டது. அத்தேவையைத் திரும்பல் விதி நிறைவேற்றியது.

மையத்தைச் சுற்றுதல்

வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ (1858–1945) நியூயார்க்கின் குதிரைவண்டி நெரிசலைக் கண்டு போக்குவரத்து ஒழுங்கில் ஈடுபட்டவர். அவர் வகுத்த ஓட்டுநர் விதிகளை 1903இல் நியூயார்க் நகரம் ஏற்றுக்கொண்டது. மெதுவாகச் செல்லும் வண்டிகள் நடைபாதையை ஒட்டிச் செல்ல வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இடப்புறம் திரும்பும் வண்டி, இரு தெருக்களும் சந்திக்கும் மையப் புள்ளியைச் சுற்றிக்கொண்டே திரும்ப வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விதியைக் கண்கூடாக்கப் பல நகரங்கள் நாற்சந்தியின் நடுவே தூண்களை நாட்டின. 'மௌனக் காவலர்' என்னும் பெயர் அவற்றுக்கு வழங்கியது. ஓட்டுநர் தூணைத் தம் இடக்கைப் பக்கம் விட்டு, அதனைத் தாண்டிச் சென்ற பின்னரே திரும்ப வேண்டும். தூணுக்கு முன்பாகவே குறுக்கே வெட்டித் திரும்பியவர் விதியை மீறினார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தூணின் பணி ஒழுங்கோடு முடிந்துவிடவில்லை. வளைவில் செல்லும் வண்டி தாங்கக்கூடிய வேகம் அவ்வளைவின் ஆரத்தைச் சார்ந்தது. ஆரம் நான்கில் ஒரு பங்கானால், தாங்கும் வேகம் பாதியாகும். நாற்சந்தியைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வண்டி நீண்ட ஆரத்தில், அதாவது வேகம் குறையாமல், திரும்ப இயலும். தூணைத் தாண்டித் திரும்பும் வண்டியோ குறுகிய ஆரத்தில் மடங்கியாக வேண்டும். அதனால் ஓட்டுநர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேகம் தணிந்தது. 1899ஆம் ஆண்டு விதி '4 மைல்' என எண்ணால் கூறியதை 1903ஆம் ஆண்டு விதி வடிவத்தால் கூறியது எனலாம். மேலும், மையத்தைச் சுற்றி வரும் வண்டி, தெருவைக் கடப்பவரின் பார்வைக்கு நேராகவும் முன்கூட்டியும் தென்பட்டது; குறுக்கே வெட்டி வரும் வண்டி பக்கவாட்டிலிருந்து திடீரெனத் தோன்றும்.

விளக்குச் சைகையின் வருகை

1914 ஆகஸ்ட் 5 அன்று ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், யூக்ளிட் அவென்யூவும் கிழக்கு 105ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் மின்விளக்குச் சைகை நிறுவப்பட்டது. சிவப்பு, பச்சை என்னும் இரு விளக்குகளையும், நிறம் மாறப்போவதை அறிவிக்கும் ஒலியையும் கொண்ட அக்கருவியைச் சந்திப்பின் அருகிலிருந்த கூண்டில் இருந்தவாறு காவலர் இயக்கினார். 1920இல் டிட்ராய்ட் நகரக் காவல் அதிகாரி வில்லியம் பாட்ஸ் நாற்புறமும் மூன்று நிறங்கள் காட்டும் சைகையை உருவாக்கினார். அதே ஆண்டில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சைகைக் கோபுரங்கள் எழுந்தன.

விளக்குச் சைகை பெரும் நன்மையைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஒன்றையொன்று செங்குத்தாகக் குறுக்கிடும் இரு ஓட்டங்களை நேரத்தால் பிரித்ததால், அவை ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு குறைந்தது. ஆயினும் திரும்பும் வண்டியின் சிக்கலை அது தீர்க்கவில்லை. பச்சை விளக்கில் இடப்புறம் திரும்பும் ஓட்டுநர் நுழையும் தெருவை, அதே பச்சை விளக்கை நம்பிப் பாதசாரி கடந்துகொண்டிருப்பார். இருவருக்கும் அனுமதி உண்டு. இருவரும் விதிப்படியே நடக்கின்றனர். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். எதிர்வரும் வண்டிகளுக்கிடையே இடைவெளியைத் தேடும் ஓட்டுநரின் கண் அவ்வேளையில் பாதசாரியின்மீது இருப்பதில்லை. விளக்குச் சைகை தொட முடியாத இச்சிக்கலை அதுவரை ஓரளவு அடக்கி வைத்திருந்தது மையம் சுற்றிய திருப்பமே ஆகும்.

மோட்டார் வாகனங்கள் பெருகியபோது நடுத்தூண் இடையூறாகக் கருதப்பட்டது. மையத்தைச் சுற்றும் வண்டிகள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் இடப்புறம் திரும்பும்போது, ஒன்றன் பாதையை ஒன்று மறித்தன. மையத்திற்கு உட்புறமாகவே திரும்பினால் அவை மோதிக்கொள்ளாமல் விலகிச் செல்லலாம். ஒரு பச்சை விளக்கில் கூடுதலான வண்டிகள் கடக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்க மாதிரிச் சட்டங்கள் உட்புறத் திருப்பத்தையே இயன்றவரை பின்பற்றுமாறு கூறின. நாற்சந்தியின் தரத்தை அளக்கும் அளவுகோல், கடப்பவரின் பாதுகாப்பிலிருந்து கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு நகர்ந்ததை இம்மாற்றத்தில் காண்கிறோம்.

சின்சினாட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை

இந்நகர்வு எதிர்ப்பின்றி நிகழ்ந்துவிடவில்லை. 1923இல் சின்சினாட்டி நகரில் 42,000க்கும் மேற்பட்டோர் ஒரு மனுவில் கையொப்பமிட்டனர். நகரில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும், மணிக்கு 25 மைலுக்கு மேல் செல்லவிடாமல் தடுக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. வாகன விற்பனையாளர்களும் தொழில்துறையினரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். நவம்பர் மாத வாக்கெடுப்பில் கோரிக்கை பெருந்தோல்வி அடைந்தது. வேகத்தை வண்டிக்குள்ளேயே கட்டுப்படுத்தும் சிந்தனை அத்துடன் நகராட்சி அரசியலிலிருந்து ஏறத்தாழ விலகியது.

அதன்பின் கட்டுப்பாட்டின் பார்வை நடப்பவர்மீது திரும்பியது. 1925 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் மில்லர் மெக்ளின்டாக் என்பவரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்ட போக்குவரத்துச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வணிகப் பகுதியில் பாதசாரி குறியிட்ட இடத்தில், சைகைக்குக் கட்டுப்பட்டே தெருவைக் கடக்க வேண்டும் என அது விதித்தது. விரும்பிய இடத்தில் கடப்பவரைச் சுட்டும் 'ஜேவாக்கர்' என்னும் சொல்லும் இக்காலத்தில் பரவலாயிற்று. 'ஜே' என்பது நகர நடைமுறை அறியாத நாட்டுப்புறத்தாரை இகழும் பேச்சுவழக்குச் சொல். நேற்றுவரை இயல்பாக இருந்த நடை, ஓர் இகழ்ச்சிச் சொல்லின் துணையோடு குற்றமாகியது.

வணிகத்துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1924இல் கூட்டிய தேசியச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் தொடர்ச்சியாக, 1928இல் மாதிரி நகராட்சிப் போக்குவரத்துச் சட்டம் வெளியானது. அதன் வழியே லாஸ் ஏஞ்சலிஸ் முறை பிற நகரங்களையும் சென்றடைந்தது.

திரும்பி வந்த தூண்கள்

விரைந்து திரும்புவதே நன்மை என்னும் கருத்து பிற்காலத்திலும் வலுப்பெற்றது. எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1975இல் இயற்றப்பட்ட கூட்டாட்சி எரிசக்திச் சட்டம், சிவப்பு விளக்கில் நின்றபின் வலப்புறம் திரும்ப அனுமதிப்பதை மாநிலங்களின் எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தில் ஒரு கூறாக்கியது. நியூயார்க் நகரம் மட்டும், பலகை வைத்து அனுமதித்த இடங்கள் தவிர, அத்திருப்பத்திற்குத் தடையைத் தொடர்ந்தது.

2014இல் அதே நியூயார்க் நகரம் பொதுவான வேக வரம்பை 30 மைலிலிருந்து 25 மைலாகக் குறைத்தது. சின்சினாட்டி மக்கள் 1923இல் கேட்ட எண்ணும் அதுவே. 2016இல் நகரின் போக்குவரத்துத் துறை இடப்புறத் திருப்ப விபத்துகள் குறித்த ஆய்வறிக்கையை வெளியிட்டது. வலப்புறத் திருப்பங்களைவிட இடப்புறத் திருப்பங்களில் பாதசாரிகளும் மிதிவண்டி ஓட்டுவோரும் மிகுதியாக உயிரிழப்பதை அது காட்டியது. தீர்வாக, சாலையின் நடுக்கோட்டை ஒட்டி ரப்பர் தடுப்புகளும் வளையும் தூண்களும் பொருத்தப்பட்டன. ஓட்டுநர் குறுக்கே வெட்டாமல், மெதுவாக, செங்குத்தாகத் திரும்ப வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்கு முன் மௌனக் காவலர் செய்த பணியை இன்று அவை செய்கின்றன.

இந்தியச் சட்டத்தில் மையப் புள்ளி

இவ்விதி அமெரிக்காவிற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பத்தாம் அட்டவணை ஓட்டுநர் ஒழுங்குகளைத் தொகுத்துக் கூறுகிறது. வலப்புறம் திரும்பும் ஓட்டுநர், சந்திக்கும் சாலைகளின் நடுக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை இயன்றவரை தாண்டிச் சென்று, அப்புள்ளியைத் தம் வலக்கைப் பக்கம் விட்டுத் திரும்ப வேண்டும் என அது விதித்தது. இடவலம் மாறியிருப்பினும் ஈனோவின் விதியும் இதுவும் ஒன்றே.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1989இல் வெளியான சாலை விதி ஒழுங்குமுறைகளில் அம்மையப் புள்ளி இடம்பெறவில்லை. சாலையின் நடுவை ஒட்டி வந்து, நுழையும் சாலையின் இடப்புறத்தை அடைய வேண்டும் என்பது மட்டும் எஞ்சியது. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்குள்ளோருக்கு ஆபத்து நேராது எனத் தெளிந்த பின்னரே நுழைய வேண்டும் என்னும் விதி தொடர்ந்து இருந்தது. ஆனால் அது ஓட்டுநரின் மனத்தை நோக்கிய அறிவுரை. மையப் புள்ளியோ கண்ணால் காணக்கூடிய, மீறியதை மெய்ப்பிக்கக்கூடிய வரையறை. ஒரு சட்டத்தொடர் நீங்கியபோது அதனுள் அடங்கியிருந்த வேகக் கட்டுப்பாடும் உடன் நீங்கியது. நாற்சந்தியின் நடுவில் குடை நிழலில் மேடைமீது நின்ற போக்குவரத்துக் காவலரைத் தமிழக நகரங்களில் பலரும் கண்டிருப்பர். அம்மேடையும் தன் இருப்பினாலேயே வண்டிகளை வளைந்து செல்லச் செய்தது என்பது இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொடக்ககால நகராட்சி விதிகளில் வேக வரம்பும் திரும்பல் விதியும் தனித்தனியானவை அல்ல. திரும்பல் விதி, வடிவத்தால் சொல்லப்பட்ட வேக வரம்பாகும். இரண்டாவது, விளக்குச் சைகை குறுக்கிடும் வண்டிகளின் சிக்கலைத் தீர்த்ததே அன்றி, திரும்பும் வண்டிக்கும் கடப்பவருக்கும் இடையிலான சிக்கலைத் தீர்க்கவில்லை. மூன்றாவது, அச்சிக்கலின் சுமை விதிகளின் வழியே படிப்படியாகப் பாதசாரியின் தோளுக்கு மாற்றப்பட்டது.

பழைய விதிகள் யாவும் சிறந்தவை என்பது இதன் பொருளன்று. இன்றைய வாகன நெருக்கத்தில் நடுத்தூண்களை அவ்வாறே மீட்க இயலாது. ஆயினும் ஒரு விதியை நீக்குமுன் அது சொல்லாமலே செய்துவந்த பணி யாது என வினவுதல் வேண்டும். அவ்வினா எழுப்பப்படாததன் விலையை நாற்சந்தியில் பச்சை விளக்கை நம்பி அடியெடுத்து வைத்தவரே கொடுத்துள்ளார்.