சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் காற்று மாவட்டம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டிகளின் காற்றுத் தூய்மைக்குப் பொறுப்பான வட்டார அமைப்பு, விரிகுடாப் பகுதிக் காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் ஆகும். மாநிலச் சட்டமன்றம் 1955-இல் இதனை ஏற்படுத்தியது. பல கவுண்டிகளை ஒன்றிணைத்துக் காற்று மாசைக் கட்டுப்படுத்த அந்நாட்டில் தோன்றிய முதல் அமைப்பு இதுவே. 'மாவட்டம்' என்றதும் தமிழ் வாசகருக்கு ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரலாம். அங்கே அப்பொருள் இல்லை. நீர் வழங்கல், தீயணைப்பு, பள்ளி என ஏதேனும் ஒரு பணிக்காக மட்டும் எல்லை வகுத்து அமைக்கப்படும் நிர்வாக அமைப்பையே அங்கு மாவட்டம் என்கின்றனர். இதன் ஆட்சிக் குழுவில் இருப்போர், உறுப்புக் கவுண்டிகளிலும் நகரங்களிலும் மக்களால் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள்.

லாஸ் ஏஞ்சலிஸ் கற்பித்தது

இக்கதையின் தொடக்கம் சற்றுத் தெற்கே, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ளது. 1943 ஜூலை 26 அன்று அந்நகரைக் கண் எரிக்கும் புகைப்பனி சூழ்ந்தது. போர்க்காலம் ஆதலால், ஜப்பான் நச்சுவாயு வீசிவிட்டதோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். நகர நடுவில் இருந்த செயற்கை ரப்பர் தொழிற்சாலையின் மீது பழி விழுந்தது. அது நிறுத்தப்பட்ட பின்னும் புகைப்பனி போகவில்லை. 1947-இல் ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, கவுண்டிகள் தத்தமக்குக் காற்று மாவட்டம் அமைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அவ்வாண்டே அமைத்துக்கொண்டது.

ஆனால் மாசின் மூலம் எது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அதைக் கண்டவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அவர் அதுவரை ஆராய்ந்துவந்தவற்றுள் அன்னாசிப் பழத்தின் மணமும் ஒன்று! அதே நுட்பத்தால் நகரக் காற்றையும் ஆராய்ந்தார். பெட்ரோலிய ஆவியும் வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். கார் நிறுவனங்கள் உடனே ஏற்கவில்லை. கவுண்டி மேற்பார்வையாளர் கென்னத் ஹான் 1953 முதல் அவற்றுக்குக் கடிதம் எழுதிவந்தார். வாகனப் புகை காற்றில் விரைவில் கலைந்துவிடும், அதனால் மாசுப் பிரச்சினை இல்லை என்பதே ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து வந்த பதிலின் சாரம்.

ஒன்பது கவுண்டிகளுக்கு ஒரே காற்று

விரிகுடாப் பகுதியில் ஒரு கவுண்டி தனித்து நின்று எதுவும் செய்ய இயலாது. இதற்குக் காரணம் நில அமைப்பு. பசிபிக் கடற்காற்று கோல்டன் கேட் நீரிணை வழியே உள்ளே நுழைந்து, கிழக்கிலும் தெற்கிலும் உள்ள பள்ளத்தாக்குகளை நோக்கிச் செல்கிறது. செல்லும் வழியில் ஆலைகளின் ஆவியையும் நெடுஞ்சாலைப் புகையையும் அள்ளிச் செல்கிறது. கோடையில் இக்குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று அடுக்கொன்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால் மாசு மேலெழ முடிவதில்லை. எனவே கடலோர நகரங்களில் பிறந்த மாசு, உள்ளே தள்ளியிருக்கும் லிவர்மோர் போன்ற ஊர்களில் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுகிறது. உண்டாக்குபவர் ஒருவர், சுவாசிப்பவர் வேறொருவர்.

தொடக்கத்தில் ஆறு கவுண்டிகளே இதில் இருந்தன. நாபா, சொனோமா, சொலானோ ஆகியவை 1971-இல் சேர்ந்தன. பின்னிரண்டில் ஒரு பகுதி மட்டுமே இதன் எல்லைக்குள் வருகிறது. முதல் விதிமுறை 1957-இல் வந்தது. குப்பை மேடுகளிலும் பழைய வாகன உடைப்பு நிலையங்களிலும் திறந்தவெளியில் எரிப்பதை அது தடைசெய்தது. 1960-இல் வந்த இரண்டாம் விதிமுறை ஆலைப் புகைபோக்கிகளைத் தொட்டது. கார்கள் மட்டும் கைக்கு எட்டவில்லை. நிலையாக ஓரிடத்தில் இருக்கும் மூலங்களே மாவட்டத்தின் அதிகாரத்துக்குள் வருபவை. வாகனங்களோ மாநில, மத்திய அரசுகளின் பொறுப்பு. மாசில் பெரும்பங்கு கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது, இத்தகைய அமைப்புகள் தொடக்கம் முதல் சுமந்துவரும் குறை. வீட்டுக் கணப்புகள் அதன் கைக்கு எட்டின. மாசு மிகும் குளிர்கால நாட்களில் வீடுகளில் விறகு எரிப்பதை 2008-இல் அது தடைசெய்தது. ஆனால் 2018 நவம்பரில் பாரடைஸ் ஊரை அழித்த காட்டுத்தீயின் புகை ஏறத்தாழ இரண்டு வாரம் விரிகுடாவை மூடியபோது, எச்சரிக்கை விடுப்பதைத் தவிர அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பருவநிலை நோக்கி

2005 ஜூனில் ஆட்சிக் குழு பருவநிலைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. பசுங்குடில் வாயுக்களும் சட்டப்படி காற்று மாசே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2007-இல்தான். நாட்டின் தலைமை நீதிமன்றத்துக்கு முன்பே ஒரு வட்டார அமைப்பு அம்முடிவுக்கு வந்திருந்தது. அடுத்து, பகுதியில் வெளியாகும் வாயுக்களின் கணக்கு எடுக்கப்பட்டது. போக்குவரத்தும் எண்ணெய் சுத்திகரிப்பு உள்ளிட்ட தொழில்களுமே பெரும்பங்கு என்று அது காட்டியது.

2008 மே மாதம், அனுமதி பெற்ற ஆலைகள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடுக்கு மெட்ரிக் டன் ஒன்றுக்கு 4.4 சென்ட் கட்டணம் விதிக்கப்பட்டது. நாட்டிலேயே இத்தகைய கட்டணம் இதுவே முதல் என்பதால் பெரிதும் பேசப்பட்டது. தொகையோ மிகச் சிறிது. பத்து லட்சம் டன் வெளியிடும் ஆலைகூட ஆண்டுக்கு 44,000 டாலர் கட்டினால் போதும். இதனால் எந்த ஆலையும் புகையைக் குறைத்திருக்காது. திட்டத்துக்கான அலுவலகச் செலவை ஈடுசெய்வதே கட்டணத்தின் நோக்கம். ஆயினும் கார்பனை அளந்து விலை சொல்லும் பழக்கம் ஏற்பட்டது என்ற அளவில் அதற்கு மதிப்புண்டு.

சுத்திகரிப்பு ஆலைகளும் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும்

உண்மையான மோதல் பிறகு வந்தது. இப்பகுதியில் ஐந்து பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. 2012 ஆகஸ்ட் 6 அன்று ரிச்மண்ட் நகரின் செவ்ரான் ஆலையில் ஏற்பட்ட தீயின் புகையால் ஏறக்குறைய 15,000 பேர் மருத்துவ உதவி நாடினர். அதன்பின் சுற்றுவட்டார மக்கள், ஆலைகளின் மொத்த வெளியீட்டுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று வலுவாகக் கோரினர். பசுங்குடில் வாயுக்களையும் உள்ளடக்கிய அத்தகைய விதி ஒன்று 2017-இல் ஆட்சிக் குழுவின் முன் இருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் மாநிலச் சட்டமன்றம் கார்பன் உரிம வணிகத் திட்டத்தை 2030 வரை நீட்டித்தது. மாநிலம் மொத்த அளவை வரையறுக்கும், ஆலைகள் தமக்குள் உரிமங்களை வாங்கி விற்கும் என்பது அத்திட்டம். அதற்குட்பட்ட ஆலைகளின் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க வட்டாரக் காற்று மாவட்டங்கள் தனி விதி செய்யக்கூடாது என்ற தடையும் அச்சட்டத்தில் இருந்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஜூலை 25 அன்று அதில் கையெழுத்திட்ட இடம், இதே விரிகுடாவின் நடுவிலுள்ள டிரெஷர் தீவு.

மாநிலத்தின் வாதத்தில் கணக்குப் பிழை இல்லை. கார்பன் எங்கே குறைந்தாலும் பூமிக்குப் பயன் ஒன்றே, எனவே மலிவாக முடியும் இடத்தில் குறைப்பதே சிக்கனம். ஆனால் ஆலைப் புகைபோக்கியில் கார்பன் தனியே வருவதில்லை. நுண்துகளும் நச்சு ஆவிகளும் உடன் வருகின்றன. உரிமம் வாங்கிக்கொண்டு ஓர் ஆலை முழு வீச்சில் இயங்கினால் வானத்துக்கு நட்டமில்லாமல் போகலாம், அடுத்த தெருவில் குடியிருப்போருக்கு நட்டம்தான். இவ்வேறுபாட்டைச் சட்டமன்றமும் அறியாமல் இல்லை. மறுநாளே கையெழுத்தான துணைச் சட்டம், மாசு மிகுந்த குடியிருப்புகளுக்கென அளவீடும் தனித் திட்டங்களும் வகுக்கச் சொன்னது. துறைமுகமும் நெடுஞ்சாலைகளும் நெருக்கும் மேற்கு ஓக்லாந்தில், மக்கள் அமைப்புடன் சேர்ந்து வகுத்த திட்டத்தை மாவட்டம் 2019-இல் ஏற்றது.

கார்பனுக்கான வழி அடைபட்டாலும் பிற மாசுகள் மீதான பழைய அதிகாரம் அப்படியே இருந்தது. 2021 ஜூலையில், சுத்திகரிப்பு ஆலைகளின் வினையூக்கிப் பிளப்பு அலகுகள் வெளியிடும் நுண்துகளுக்குக் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. ஆலை நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2023 மார்ச்சில் ஏற்கப்பட்ட விதி இன்னும் நுட்பமானது. வீட்டு வாட்டர் ஹீட்டர்களும் அறை சூடேற்றும் கருவிகளும் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடவே கூடாது என்கிறது அது. எரிவாயுவில் இயங்கும் கருவிகள் இவ்வரம்புக்குள் வருவது கடினம் என்பதால், மின்சாரக் கருவிகளுக்கு மாறுவதே நடைமுறை வழியாகிறது. நைட்ரஜன் ஆக்சைடின் பெயரால் கார்பனும் குறைகிறது. விதியின்படி சிறிய வாட்டர் ஹீட்டர்களுக்கு 2027, அறை சூடேற்றிகளுக்கு 2029, பெரிய வாட்டர் ஹீட்டர்களுக்கு 2031 எனக் காலம் குறிக்கப்பட்டது. புதிதாக விற்பவற்றுக்கும் பொருத்துபவற்றுக்கும் மட்டுமே இது பொருந்தும். வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் கழற்ற வேண்டியதில்லை. சமையல் அடுப்பை இவ்விதி தொடவில்லை.